புதிய போல்ட்-ஆக்‌ஷன் ரைஃபிளை 600 மீட்டருக்கும் அப்பால் கொண்டுசெல்வது: எதை முதலில் மாற்றலாம்?

முதற்குழல்:

வணக்கம். .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கான போல்ட்-ஆக்‌ஷன் ரைஃபிள் ஒன்றை முறையான உரிமத்துடன் அண்மையில் வாங்கினேன். குழலின் நீளம் 24 அங்குலம். குண்டைச் சுழற்றும் உட்புரி 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று. ரைஃபிளைத் தாங்கும் கட்டை வார்ப்புப் பிளாஸ்டிக்காலானது. அதனுடன் வந்த 3-9x40 ஸ்கோப்பைத்தான் (3 முதல் 9 மடங்கு பெரிதாக்கும், 40 மில்லிமீட்டர் முன்கண்ணாடியுள்ள குறிநோக்கி) இப்போதும் பயன்படுத்துகிறேன். வேட்டையில் எனக்கு நாட்டமில்லை. காகித இலக்கில், முதலில் 600 மீட்டரிலும், கை தேறியபின் 900 மீட்டரிலும் சுட வேண்டும் என்பதே விருப்பம்.

100 மீட்டரில் மூன்று தோட்டாக்கள் 3 சென்டிமீட்டருக்குள் விழுகின்றன. ஆனால் 300 மீட்டருக்குப் போனதும் ஐந்து தோட்டாக்கள் 8 சென்டிமீட்டர் அகலத்திலும் 20 சென்டிமீட்டர் உயரத்திலும் ஒரு நீண்ட கோடுபோலச் சிதறுகின்றன. பலமுறை சுட்டும் இதே வடிவம்தான் வருகிறது. தொழிற்சாலைக் குழலை அகற்றிவிட்டுக் கனமான போட்டிக் குழலைப் பொருத்துவது, பின்னுதைப்பைக் குறைக்கக் குழல்வாயில் பிரேக் மாட்டுவது, விசையை (ட்ரிகரை) மாற்றுவது ஆகிய மூன்றையும் இதே வரிசையில் செய்ய எண்ணியிருக்கிறேன். இந்த வரிசை சரிதானா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

துளைக்கணக்கு:

வரவேற்கிறேன். உங்கள் வரிசையை நான் தலைகீழாகத் திருப்பச் சொல்வேன். அதற்கும் முன்னால், எதையும் வாங்காமல் ஒரு நாளை அளவெடுப்பதற்கென்றே ஒதுக்கச் சொல்வேன். நீங்கள் தந்திருக்கும் எண்களிலேயே பாதி விடை இருக்கிறது.

மூன்று தோட்டா குரூப்பை (ஒரே குறியில் சுட்ட துளைகளின் தொகுதியை) வைத்து ஒரு ரைஃபிளை எடைபோட முடியாது. சிதறல் எல்லாத் திசையிலும் சமமாக இருப்பதாகக் கொண்டால், மூன்று தோட்டாக்களில் மிகத் தொலைவில் விழும் இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம் சராசரியாகத் திட்ட விலக்கத்தைப்போல் (சிதறலின் அளவைக் காட்டும் புள்ளியியல் எண்) 2.4 மடங்கு வரும். ஐந்து தோட்டாக்களில் அது 3.1 மடங்காகும், பத்தில் 3.8 மடங்காகும், இருபதில் ஏறக்குறைய 4.5 மடங்காகும். அதாவது ரைஃபிளிலோ சுடுபவரிலோ எந்த மாற்றமும் இல்லாமலேயே, மூன்றில் 3 சென்டிமீட்டர் காட்டிய துப்பாக்கி பத்தில் 4.7 சென்டிமீட்டர் காட்டும். மூன்று தோட்டாவில் 3 சென்டிமீட்டர் வந்ததையும் 4 சென்டிமீட்டர் வந்ததையும் ஒப்பிட்டு, மாற்றிய பாகம் நன்மை செய்தது அல்லது கெடுத்தது என்று முடிவு கட்டுகிறவர்கள் பெரும்பாலும் தற்செயலைத்தான் அளந்துகொண்டிருக்கிறார்கள். ஆகவே அடுத்த முறை 100 மீட்டரில் ஒரே புள்ளியைக் குறிவைத்து, குழல் ஆறுவதற்கு இடைவெளி விட்டு, இருபது தோட்டாக்களைச் சுடுங்கள். எந்தத் துளையையும் “இது என் தவறு” என்று விலக்காதீர்கள்.

இனி 300 மீட்டர். உங்கள் 100 மீட்டர் எண் உண்மையென்றால், 300 மீட்டரில் ஐந்து தோட்டாக்கள் 11 அல்லது 12 சென்டிமீட்டருக்குள் வட்டமாக விழ வேண்டும். அகலம் 8 என்பது அந்தக் கணக்குக்குள் அடங்குகிறது. உயரம் 20 என்பது அடங்கவில்லை. குழல் தரக்குறைவானதாக இருந்தால் சிதறல் அகலத்திலும் தெரியும். மேலும் கீழுமாக மட்டும் நீளும் சிதறலுக்குக் காரணங்கள் வேறு: தோட்டாக்களின் வேகம் ஒன்றுபோல் இல்லாதது, கட்டையின் முன்பகுதி குழலைத் தொடுவது, தாங்கியின்மேல் ரைஃபிள் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு அழுத்தத்தில் உட்காருவது, கன்னம் படும் இடம் மாறுவது. இவற்றில் ஒன்றைக்கூடப் புதிய குழல் தீர்க்காது.

தேக்குக்கட்டை:

மேலே சொன்னதோடு முழுமையாக உடன்படுகிறேன். கட்டை வேலை என் கைத்தொழில் என்பதால் அந்தப் பகுதியை மட்டும் சற்று விரிவாக எழுதுகிறேன்.

ரைஃபிளில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்துகொண்டு, குழலுக்கும் கட்டையின் முன்பகுதிக்கும் நடுவே ஒரு தாளைச் செருகி, தோட்டா அமரும் அறைப்பகுதிவரை இழுத்துப் பாருங்கள். பெரும்பாலான புதிய ரைஃபிள்களில் தாள் தடையின்றி ஓடும். உடனே குழல் தனித்து நிற்கிறது என்று மகிழ்ந்துவிடுவார்கள். அது போதாது. ரைஃபிளை அதன் இருகால் தாங்கியின்மேல் நிறுத்தி, சுடும்போது எப்படி முன்னோக்கித் தோளால் அழுத்துவீர்களோ அப்படி அழுத்திக்கொண்டு, இன்னொருவரைத் தாளை இழுக்கச் சொல்லுங்கள். வார்ப்புப் பிளாஸ்டிக் கட்டையின் முன்பகுதி அந்த அழுத்தத்தில் வளைந்து குழலைத் தொடுவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். தொடுவதுகூடப் பெரிய குற்றமில்லை. ஒவ்வொரு முறையும் வெவ்வேறு வலுவில் தொடுவதுதான் குற்றம். குண்டு குழலுக்குள் ஓடும் அந்த மில்லிவினாடியில் குழல் அதிர்ந்துகொண்டிருக்கிறது. அதைக் கீழிருந்து முட்டும் அழுத்தம் மாறினால் குழல்வாய் நோக்கும் திசையும் மேலும் கீழுமாக மாறும்.

இரண்டாவதாக, கட்டையையும் ரைஃபிளின் உடலையும் பிணைக்கும் திருகுகளைச் சோதியுங்கள். உலோகத் தூணோ உலோகப் படுகையோ உள்ள கட்டைகளில் இவை பெரும்பாலும் 7 நியூட்டன்-மீட்டர் அளவில் இறுக்கப்படுகின்றன; வெறும் பிளாஸ்டிக்கில் அதைவிடக் குறைவு. உங்கள் ரைஃபிளின் கையேடு சொல்லும் எண்ணே இறுதியானது. டார்க் ரெஞ்ச் இல்லாமல் கைக்கணக்கில் இறுக்குவது, உப்பு எவ்வளவு என்று பார்க்காமல் கொட்டுவதற்குச் சமம். ஸ்கோப் வளையத் திருகுகள் இன்னும் மென்மையானவை. 2 நியூட்டன்-மீட்டருக்கு மேல் போனால் குழாய் நசுங்கக்கூடும்.

ரைஃபிளின் உடல் கட்டையில் அசையாமல் படிய எபாக்ஸிப் பசையால் படுகை அமைப்பதைப் பற்றியும் ஒரு சொல். அது மரக்கட்டைக்கும் கண்ணாடியிழைக் கட்டைக்கும் அருமையான வேலை. வார்ப்புப் பிளாஸ்டிக்கில் எபாக்ஸி சரியாக ஒட்டுவதில்லை. எத்தனை சொரசொரப்பாக்கினாலும் சில நூறு தோட்டாக்களில் பெயர்ந்து வந்துவிடும். முன்பகுதியை உப்புத்தாளால் தேய்த்து இடைவெளியை அகலமாக்கலாம் என்பார்கள். செய்யலாம்தான், ஆனால் சுவரை மெலிதாக்க மெலிதாக்க அது இன்னும் எளிதாக வளையும்.

கானல்நோக்கி:

நான் சற்று மாறுபடுகிறேன். இந்தக் கட்டையைப் பழுதுபார்க்கும் முன்பு ஸ்கோப்பை மாற்ற வேண்டும். 3-9x40 வகை ஸ்கோப்பில் இடமாறு தோற்றப்பிழையை (கண் நகரும்போது குறியும் இலக்கில் நகர்வதுபோலத் தெரிவதை) திருத்தும் குமிழ் பெரும்பாலும் இருப்பதில்லை. தொழிற்சாலையிலேயே 90 மீட்டர் அளவில் நிலைநிறுத்தி விடுகிறார்கள். கண் நடுவிலிருந்து விலகி ஸ்கோப்பின் விளிம்பு வழியாகப் பார்க்கும்போது நேரும் பிழையின் உச்சத்தைக் கணக்கிடலாம்: முன்கண்ணாடி விட்டத்தின் பாதியை, இலக்குக்கும் 90 மீட்டருக்கும் உள்ள வேறுபாட்டால் பெருக்கி, 90 ஆல் வகுக்க வேண்டும். 40 மில்லிமீட்டர் கண்ணாடிக்கு 300 மீட்டரில் அது 4.5 சென்டிமீட்டரைத் தாண்டுகிறது. 600 மீட்டரில் 11 சென்டிமீட்டரைத் தாண்டுகிறது. பிளாஸ்டிக் கட்டையின் கன்னப்பகுதி தாழ்வானது. ஸ்கோப் உயர்ந்து நிற்கிறது. ஆகவே முகம் எங்கும் ஊன்றாமல் காற்றில் மிதக்கிறது, கண் மேலும் கீழும் நகர்கிறது. நண்பரின் 20 சென்டிமீட்டரில் ஒரு பங்கு இங்கிருந்து வருகிறது என்பதில் எனக்கு ஐயமில்லை.

உயர்த்தும் அளவையும் பாருங்கள். 100 மீட்டரில் சுழியம் வைத்த (குறியும் துளையும் ஒன்றும்படி அமைத்த) .308, 175 கிரெய்ன் (குண்டின் எடை அலகு) குண்டுடன் 600 மீட்டருக்கு ஏறக்குறைய 5 மில் உயர்த்தக் கேட்கும். 900 மீட்டருக்கு 11 மில்லை நெருங்கும். 1 மில் என்பது 100 மீட்டரில் 10 சென்டிமீட்டர் என்பதை நினைவில் கொண்டால் இந்த எண்களின் பெருமை விளங்கும்: 900 மீட்டரில் 11 மில் என்பது பத்து மீட்டர் உயரம்.

துளைக்கணக்கு:

கணக்கு சரியே, முடிவில்தான் எனக்குத் தயக்கம். அவருடைய ஸ்கோப் மொத்தம் 60 எம்.ஓ.ஏ. (ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு ஒரு எம்.ஓ.ஏ.) நகரக்கூடியது என்று வைத்துக்கொள்வோம். நடுவிலிருந்து மேலே 30 எம்.ஓ.ஏ., அதாவது 8.7 மில் கிடைக்கும். 600 மீட்டருக்கு அது தாராளம். 900 மீட்டருக்குத்தான் போதாது. அப்போதும் ஸ்கோப்புக்கு அடியில் 20 எம்.ஓ.ஏ. சரிவுள்ள அடித்தண்டு ஒன்றைப் பொருத்தினால் 5.8 மில் கூடுதலாகக் கிடைத்து விடும். கன்னத்தின் பிரச்சினைக்குப் புதிய ஸ்கோப் மருந்தாகாது. கட்டையின் மேல் அடர்ந்த நுரைப்பட்டையை வைத்து நாடாவால் சுற்றி, கண்ணை மூடிக்கொண்டு முகத்தை ஊன்றித் திறந்தால் ஸ்கோப்பின் முழுவட்டமும் தெரியும் உயரத்தை அமைத்துக்கொண்டால் போதும். நல்ல ஸ்கோப் கட்டாயம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நோய் எதுவென்று தெரிந்துகொள்ளும் முன் அதை வாங்கினால், நோய் அப்படியே இருந்து மனம் மட்டும் உடையும்.

செப்புறை:

தோட்டாவைப் பற்றி ஒருவரும் இன்னும் கேட்கவில்லையே என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. எந்தத் தோட்டாவைச் சுட்டீர்கள், முதற்குழல்? எளிதாகக் கிடைக்கும் பயிற்சித் தோட்டாக்களில் வேகம் மிகவும் ஏறி இறங்கும். வேகமானி ஒன்றை இரவல் வாங்கியேனும் பத்துத் தோட்டாக்களின் வேகத்தைக் குறித்துவாருங்கள்.

உங்கள் குழலின் புரியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கிரீன்ஹில் என்ற ஆங்கிலேயக் கணிதவியலாளர் 1879 இல் தந்த எளிய சூத்திரம் இன்றும் முதற்கணக்குக்கு உதவுகிறது: 150 ஐக் குண்டின் விட்டத்தின் வர்க்கத்தால் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுக்க வேண்டும். 175 கிரெய்ன் போட்டிக் குண்டின் நீளம் 1.24 அங்குலம் அளவில் இருக்கும். விடை 11.5 அங்குலம், உங்களுடையது 10 என்பதால் குண்டைத் தேவைக்குச் சற்று மிகுதியாகவே சுழற்றும். குழலை மாற்றுவதற்குப் புரி ஒரு காரணமாக முடியாது.

முதற்குழல்:

இத்தனை அக்கறையுடன் எழுதிய அனைவருக்கும் நன்றி. நேற்று முழுநாளும் சுடுதளத்தில் இருந்து, சொன்னவற்றை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து பார்த்தேன்.

100 மீட்டரில் இருபது தோட்டாக்கள் 5.8 சென்டிமீட்டர். துளைக்கணக்கு ஐயா, உங்கள் கணக்கு அச்சொட்டாக வந்தது. ஆனால் என் துப்பாக்கி நான் நம்பிக்கொண்டிருந்த 3 சென்டிமீட்டர் துப்பாக்கி அல்ல என்பதை ஏற்க எனக்கு ஒரு மணி நேரம் பிடித்தது.

தாள் சோதனையில் தேக்குக்கட்டை ஐயா சொன்னதே நடந்தது. கையில் பிடித்திருந்தபோது தாள் வழுக்கிக்கொண்டு ஓடியது. தாங்கியில் நிறுத்தித் தோளால் அழுத்தியதும் முன்நுனியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் சிக்கிக்கொண்டது. முன் திருகு விரலால் திருகும் அளவுக்குத் தளர்ந்திருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதைக் கையேட்டின்படி இறுக்கினேன்.

பத்துத் தோட்டாக்களின் சராசரி வேகம் வினாடிக்கு 780 மீட்டர். அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் வேறுபாடு 24 மீட்டர்.

பிறகு தாங்கியைக் கழற்றிவிட்டு, மணல் மூட்டையைக் கட்டையின் முன்நுனியில் வைக்காமல் உடல்பகுதிக்கு அருகில் வைத்து, கன்னத்துக்கு நுரைப்பட்டையும் கட்டி 300 மீட்டரில் சுட்டேன். ஐந்து முறை ஐந்து தோட்டாக்கள். சராசரி உயரம் 12 சென்டிமீட்டர், அகலம் 9. ஒரு பாகத்தையும் வாங்காமல் இது நடந்ததை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.

செப்புறை:

அந்த 24 மீட்டர் வேறுபாட்டைக் கவனியுங்கள். 300 மீட்டரில் அது ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் உயர வேறுபாடாகத்தான் தெரியும். ஆகவே இப்போது பெரிதாக உறுத்தாது. 600 மீட்டரில் அதுவே 25 சென்டிமீட்டர் அளவாகும். 900 மீட்டரில் முக்கால் மீட்டரைத் தொடும். ஈர்ப்பு இழுக்கும் ஆழம் பறக்கும் நேரத்தின் வர்க்கத்தோடு வளர்வதால், குறுகிய தூரத்தில் மறைந்திருந்த குறை தூரம் கூடக்கூட மற்ற எல்லாக் குறைகளையும் விழுங்கிவிடுகிறது. 100 மீட்டரில் அருமையாகக் குவியும் தோட்டா தொலைவில் கைவிடுவதற்கு இதுவே முதற்காரணம்.

போட்டித் தோட்டாக்களில் இரண்டு மூன்று வகையைச் சிறிதளவு வாங்கி, எது உங்கள் குழலுக்கு ஒத்துப்போகிறது என்று பாருங்கள். 600 மீட்டர்வரை 168 கிரெய்ன் குண்டும் நன்றாகவே போகும். 900 மீட்டர் உங்கள் குறிக்கோள் என்றால் 175 கிரெய்னிலேயே தொடங்கிவிடுங்கள். பழைய 168 கிரெய்ன் சியெரா மேட்ச்கிங் குண்டின் பின்பகுதி 13 பாகையில் சட்டெனக் குறுகுகிறது. வேகம் ஒலியின் வேகத்தை நெருங்கி இறங்கும்போது அது தடுமாறும் என்பது தொலைதூரச் சுடுநர்களுக்கு நெடுங்காலமாகத் தெரிந்த குறை. 175 கிரெய்னில் அந்தக் கோணம் 9 பாகைதான், ஆகவே அந்தக் கட்டத்தை அமைதியாகக் கடக்கும்.

தோட்டாவை நாமே நிரப்பிக்கொள்வது வேறொரு பெரிய கலை. அதில் இறங்கும் ஆசை வந்தால், அச்சிட்ட நிரப்பு கையேட்டின் தொடக்க அளவிலிருந்து மட்டுமே தொடங்குங்கள். இணையத்தில் யாரோ தந்த வெடிமருந்தளவை, நான் தந்தாலும்கூட, அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பழைய தாழ்ப்பாள்:

விசையை மாற்றுவதைப் பற்றி யாரும் எச்சரிக்கவில்லை என்பதால் குறுக்கிடுகிறேன். நீண்ட காலம் துப்பாக்கிகளைப் பழுதுபார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

இக்காலத்துப் போல்ட்-ஆக்‌ஷன் ரைஃபிள்கள் பலவற்றில் விசையின் எடையைப் பயனரே ஒரு திருகால் குறைத்துக்கொள்ளலாம். அது கையேட்டில் குறிப்பிட்ட எல்லைக்குள் இருக்கட்டும். விசையின் உள்ளே ஒன்றையொன்று பற்றும் பிடிப்பு முனைகளை அரத்தாலோ உப்புத்தாளாலோ தேய்த்து மென்மையாக்க ஒருபோதும் முயலாதீர்கள். கடினப்படுத்திய மேல்தோல் தேய்ந்துபோனால், இன்று இனிமையாக விழும் விசை ஒரு நாள் தொடாமலே விழும். எடையை மாற்றிய ஒவ்வொரு முறையும், தோட்டா இல்லாத ரைஃபிளில், போல்ட்டை வேகமாக அடித்து மூடிப் பாருங்கள், கட்டையின் பின்முனையை ரப்பர் விரிப்பின் மேல் தட்டிப் பாருங்கள், பாதுகாப்புத் தாழைப் போட்டு விசையை இழுத்துவிட்டு அதன்பின் தாழை எடுத்துப் பாருங்கள். இவற்றில் எதிலாவது தோட்டாவை அடிக்கும் ஊசி தானே விழுந்தால், அந்த ரைஃபிள் அன்றைக்குச் சுடுவதற்கு உரியதல்ல.

எடை குறைவதைவிட, ஒவ்வொரு முறையும் ஒரே எடையில், நழுவாமல், கண்ணாடிக் குச்சி முறிவதுபோல விழுவதே முக்கியம். 300 மீட்டர் பன்னாட்டுப் போட்டிகளில் ஸ்டாண்டர்ட் ரைஃபிளுக்கு விசை எடை 1500 கிராமுக்குக் குறையக் கூடாது என்பதே விதி. அந்த விசையை வைத்துக்கொண்டே அவர்கள் 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள பத்துப்புள்ளி வட்டத்தைத் தொடர்ந்து துளைக்கிறார்கள்.

குழல்வாய்ப் பிரேக்கைப் பற்றியும் இரண்டு வரிகள். .308 இன் பின்னுதைப்பு தாங்க முடியாததல்ல. பிரேக் அதைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் வெடிப்பொலியையும் அழுத்தத்தையும் அக்கம்பக்கத்தில் சுடுபவர் மீது திருப்பிவிடும். எஃப்-கிளாஸ் போன்ற தொலைதூரப் போட்டிகளில் பொதுவாக அதற்கு இடமில்லை. அதன் எஃப்-டி.ஆர். பிரிவில் .223 அல்லது .308 மட்டுமே அனுமதி. ஸ்கோப்பும் இருகால் தாங்கியும் சேர்த்து மொத்த எடை 8.25 கிலோவுக்குள் இருக்க வேண்டும். உங்கள் கையிலிருப்பது .308 என்பதால், மாற்றும் ஒவ்வொரு பாகத்தையும் அந்த விதிகளோடு ஒத்துப்பார்த்து வாங்கினால் பின்னால் வருந்த வேண்டியிராது.

முதற்குழல்:

குழலை மாற்றும் எண்ணத்தை விட்டுவிட்டேன் என்றாலும் தெரிந்துகொள்வதற்காகக் கேட்கிறேன்: எப்போதுதான் அதை மாற்ற வேண்டும்?

பழைய தாழ்ப்பாள்:

தேய்ந்தபின் மாற்ற வேண்டும். .308 மென்மையான தோட்டா; கவனமாகச் சுட்டால் 3000 முதல் 5000 தோட்டாக்கள்வரை நல்ல துல்லியம் நிற்கும். 2007 இல் வந்த 6.5 கிரீட்மோர் தோட்டா காற்றில் இதைவிட நன்றாகப் பறக்கும், குழலை இதைவிட விரைவாகத் தின்றும் விடும். அந்த 3000 தோட்டாக்களையும் நீங்கள் இந்தக் குழலில் சுட்டு முடிக்கும்போது, உங்களுக்கு எத்தகைய குழல் வேண்டும் என்பதை யாரிடமும் கேட்காமலே அறிந்திருப்பீர்கள். அறையின் ஆழத்தை அளவுகோல் கொண்டு சரிபார்த்துப் பொருத்த வேண்டிய வேலை அது. தேர்ந்த கைவினைஞரிடம் மட்டுமே கொடுங்கள்.

கானல்நோக்கி:

என் முந்தைய கருத்தைத் திருத்திக்கொள்கிறேன். மணல் மூட்டையும் நுரைப்பட்டையும் செய்த வேலையைப் பார்த்தபின், ஸ்கோப்பை முதலிடத்தில் வைத்தது அவசரம் என்று ஏற்கிறேன். கட்டை முதலில், தோட்டா அடுத்து, ஸ்கோப் மூன்றாவது என்பதே இந்த ரைஃபிளுக்கு உரிய வரிசை.

ஸ்கோப் வாங்கும்போது உருப்பெருக்கத்தின் பெரிய எண்ணில் மயங்க வேண்டாம். வெப்பமான நாளில் 15 மடங்குக்கு மேல் போனால் கானலின் நெளிவையும் சேர்த்தே பெரிதாக்கிப் பார்ப்பீர்கள். குமிழைத் திருப்பும் அளவும் உள்ளே தெரியும் கோட்டின் அளவும் ஒரே அலகில், இரண்டும் மில்லில் அல்லது இரண்டும் எம்.ஓ.ஏ.வில் இருக்கட்டும், ஒன்றில் பார்த்து மற்றொன்றில் திருப்ப 3.44 ஆல் பெருக்கிக்கொண்டிருக்க முடியாது.

பொருத்தியபின் ஒரு சோதனையைத் தவறாமல் செய்யுங்கள். 100 மீட்டரில் உயரமான அட்டையில் தூக்குக்குண்டு நூலைத் தொங்கவிட்டு, அதன்படி ஒரு செங்குத்துக் கோடு வரையுங்கள். கோட்டின் அடியில் குறிவைத்துச் சிலவற்றைச் சுட்டுவிட்டு, குமிழை 10 மில் மேலே திருப்பி அதே அடிப்புள்ளியைக் குறிவைத்துச் சுடுங்கள். துளைகள் சரியாக 100 சென்டிமீட்டர் மேலே விழ வேண்டும். 97 இல் விழுந்தால் உங்கள் ஸ்கோப்பின் ஒவ்வொரு சொடுக்கும் 3 விழுக்காடு குறைவு. அதை அட்டவணையில் சேர்த்துக்கொள்ளலாம். துளைகள் கோட்டைவிட்டுப் பக்கவாட்டில் விலகினால் ஸ்கோப்பின் கோடுகள் சாய்ந்திருக்கின்றன என்று பொருள். ஒரு சிறிய ரசமட்டத்தை ஸ்கோப்பில் பொருத்திக்கொள்வது இதற்காகத்தான். ரைஃபிளை ஒரே ஒரு பாகை சாய்த்துப் பிடித்தாலும் 600 மீட்டரில் குண்டு 5 சென்டிமீட்டர் பக்கவாட்டில் விலகும். 900 மீட்டரில் 17 சென்டிமீட்டர் விலகும். ஒரு பாகைச் சாய்வைக் கண் உணராது, ரசமட்டத்தின் குமிழி உணரும்.

முதற்குழல்:

ஆறு வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். அலுமினியத் தூண்கள் பதித்த, அடுக்குமரக் கட்டை ஒன்றைப் பொருத்தினேன். தேக்குக்கட்டை ஐயா தனிமடலில் சொன்ன முறைப்படி, பின்னுதைப்பைத் தாங்கும் பல்லின் முன்புறமும் பக்கங்களும் அடிப்பக்கமும் நாடா ஒட்டி, பின்முகம் மட்டும் முழுமையாகப் படியும்படி எபாக்ஸிப் படுகை அமைத்தோம். உலோகம் முழுவதும் மெழுகு தடவியது நல்லதாயிற்று. மறுநாள் ஒரே இழுப்பில் பிரிந்து வந்தது. விசையைக் கையேட்டின் எல்லைக்குள் குறைத்து, சொன்ன மூன்று சோதனைகளையும் செய்தேன். தோட்டா 175 கிரெய்ன் போட்டி வகை: சராசரி வேகம் 790, பத்துத் தோட்டாக்களின் வேறுபாடு 9 மீட்டர். ஸ்கோப்பை இன்னும் மாற்றவில்லை. ரசமட்டம் மட்டும் சேர்த்தேன்.

100 மீட்டரில் இருபது தோட்டாக்கள் 3.6 சென்டிமீட்டர். 300 மீட்டரில் ஐந்து குரூப்புகளின் சராசரி 8 சென்டிமீட்டர், ஏறக்குறைய வட்டமாக. நேற்று முதன்முறையாக 600 மீட்டரில் பத்துத் தோட்டாக்கள் சுட்டேன். உயரம் 18 சென்டிமீட்டர் என்பதைப் பார்த்து நெஞ்சு நிறைந்தது. அகலமோ 47 சென்டிமீட்டர். இப்போது கோடு படுத்துக்கொண்டது! எந்தத் திருகைத் தேட வேண்டும்?

கானல்நோக்கி:

எந்தத் திருகையும் தொடாதீர்கள், அது காற்று. உங்கள் குண்டுக்கு, குறுக்கே வீசும் காற்றின் வேகம் வினாடிக்கு 1 மீட்டர் மாறினால் 600 மீட்டரில் 20 சென்டிமீட்டர் விலகும். 47 சென்டிமீட்டர் என்றால் காற்று வினாடிக்கு இரண்டு மீட்டர் ஏறி இறங்கியிருக்கிறது என்றுதான் பொருள்; கன்னத்தில் பட்டும் படாமலும் போகிற காற்று அது. 900 மீட்டரில் அதே 1 மீட்டர் மாற்றம் அரை மீட்டர் விலகலாகும்.

ஸ்கோப்பை இலக்கில் தெளிவாக வைத்துவிட்டு, குவியத்தைச் சற்றே முன்னால் இழுத்துப் பாருங்கள். இப்போதுள்ள ஸ்கோப்பில் அது முடியாது என்பதால் ஒரு தனித் தொலைநோக்கியை முக்காலியில் வைத்துக்கொள்ளுங்கள். கானல் நேர் மேலே கொதித்தால் காற்று நின்றிருக்கிறது, அல்லது உங்களை நோக்கியோ உங்களிடமிருந்தோ வீசுகிறது. சாய்ந்து ஓடினால் மெல்லிய குறுக்குக்காற்று. படுத்து ஓடையைப்போல ஓடினால் வேகமான காற்று, அதற்குமேல் கானல் வேகத்தைப் பிரித்துக் காட்டாது. தளத்தில் கொடிகள் இருந்தால், இலக்கருகே உள்ள கொடியைவிட உங்களுக்கு அருகில் உள்ள கொடிக்கு மதிப்புக் கொடுங்கள்: தொடக்கத்தில் திரும்பிய குண்டு அந்தத் திசையிலேயே மீதித் தூரத்தைக் கடக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு தோட்டாவுக்கும் முன் காற்று என்ன என்று நினைத்தீர்கள், துளை எங்கே விழுந்தது என்ற இரண்டையும் ஏட்டில் எழுதுங்கள். துளையைப் பார்த்தபின் நினைப்பைத் திருத்தி எழுதாதீர்கள்.

செப்புறை:

.22 ரிம்ஃபயர் (சிறு தோட்டா) ரைஃபிள் கைக்கு எட்டினால் அதை 100 மீட்டரிலும் 200 மீட்டரிலும் சுடுங்கள். அந்த மெதுவான சிறு குண்டைக் காற்று படுத்தும் பாடு, உங்கள் .308 பல நூறு மீட்டர் தள்ளிப் படும் பாட்டுக்கு இணையானது. உங்கள் நல்ல குழலும் தேயாது.

முதற்குழல்:

ஏடு வாங்கிவிட்டேன். முதல் பக்கத்தில் நேற்றைய பத்துத் துளைகளையும் அளவு மாறாமல் வரைந்திருக்கிறேன். காற்றின் பத்தி மட்டும் வெறுமையாக இருக்கிறது, ஏனெனில் நேற்று நான் அதைப் பார்க்கவே இல்லை. வரும் ஞாயிறு, கானல் எழுவதற்கு முன் விடியலில் பத்தும், வெயில் ஏறியபின் பத்துமாக, அதே 600 மீட்டரில் சுட்டு இரண்டையும் இங்கே பதிவிடுகிறேன்.